மாய உலகுக்குள் முதல் அடி: இணையவழிக் கதையாட்டமும் புதியவரும்

அரியலூர் மாவட்டத்து ரெட்டிபாளையத்தைப் பற்றி வெளியூர்க்காரர்களிடம் கேட்டால் சிமென்ட் ஆலையைச் சொல்வார்கள். சுண்ணாம்புக்கல் சுரங்கங்களைச் சொல்வார்கள். அந்த ஊரில் ஒரு கல்லூரி மாணவிக்கு, யூடியூபில் பார்த்த டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட்டத்தைத் தானும் ஆடிப் பார்க்கும் ஆசை வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அதற்கு ஒரு மேசையும் நான்கைந்து பேரும் வேண்டும். மேசைக்குப் பஞ்சமில்லை, ஆள்தான் கிடைக்காது. பெருநகரங்களில் இதற்கென்று கஃபேக்கள் உண்டு, வார இறுதியில் கூடுகிறவர்கள் உண்டு. சிற்றூரில் இருப்பவருக்கு வழி இணையம்தான்.

அந்த வழி எங்கே கைகொடுக்கிறது, எங்கே நடுவழியில் விட்டுவிடுகிறது என்று பார்க்க வேண்டிய தேவை இருக்கிறது. ஆர்வத்தோடு வரும் பலர் ஓரிரு வாரத்தில், இது நமக்கு ஒத்துவராது என்று ஒதுங்கிவிடுகிறார்கள். அவர்கள் உள்ளே வந்த வாசல் தவறாக இருந்தது என்பதே என் எண்ணம்.

முதலில் ஆட்டம் என்னவென்று சொல்லிவிடுகிறேன். ஒருவர் கதையை நடத்துவார். அவருக்கு கேம் மாஸ்டர் என்று பெயர், டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸில் டிஎம் என்பார்கள். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரத்தை ஏற்பார்கள். இடிந்த கோட்டையின் வாசலில் நிற்கிறீர்கள், உள்ளே ஏதோ உறுமுகிறது, என்ன செய்வீர்கள் என்று அவர் கேட்பார். கதவை உடைக்கலாம், சுவரேறலாம், உறுமுவதோடு பேசிப் பார்க்கலாம், திரும்பியும் போகலாம். முடிவு ஐயத்துக்குரியதாக இருக்கும்போது பகடையை உருட்டுவார்கள். இருபது முகப் பகடையில் விழும் எண்ணோடு பாத்திரத்தின் திறமைக்குரிய எண்ணைக் கூட்டினால், குறிக்கப்பட்ட இலக்கை எட்ட வேண்டும். தொடக்க நிலையில் தான் தேர்ந்த ஒரு வேலையில் ஐந்து கூட்டிக்கொள்ளும் பாத்திரம், பதினைந்து என்ற இலக்கை எட்டும் வாய்ப்பு நூற்றுக்கு 55. அதாவது ஏறக்குறையப் பாதித் தடவை தோற்போம். தோல்வியும் கதையை நகர்த்தும். வெற்றி தோல்வியை எண்ணி முடிக்கும் ஆட்டங்களிலிருந்து இது விலகி நிற்பது இந்த இடத்தில்தான்.

இப்படியொரு ஆட்டத்தை 1974இல் அமெரிக்காவின் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் போர் விளையாட்டு விதிகளிலிருந்து வளர்த்தெடுத்து வெளியிட்டார்கள். ஐம்பது ஆண்டு தாண்டியும் அதன் அடிப்படை மாறவில்லை. மாறியது ஆடும் இடம். 2012இல் ரோல்20 என்ற தளம் வந்தது. பிரவுசரிலேயே வரைபடம், பகடை, கேரக்டர் ஷீட் எல்லாம் கிடைத்தன. 2015இல் டிஸ்கார்ட் வந்து குரல்வழிப் பேச்சை எளிதாக்கியது. 2020இல் பெருந்தொற்று வீட்டுக்குள் அடைத்தபோது, நேரில் ஆடிக்கொண்டிருந்தவர்களும் திரைக்கு நகர்ந்தார்கள். அதன்பின் இணையவழி ஆட்டம் மாற்று ஏற்பாடாக இல்லாமல் பலருக்கு முதன்மை ஏற்பாடாகவே ஆகிவிட்டது.

இதன் முதல் நன்மை செலவு. டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் ஆட்டக்காரர் கையேடு ஏறத்தாழ 50 டாலர். மாணவர் ஒருவருக்கு அது பெரிய தொகை. ஆனால் விதிகளின் சாரம் இலவசம். 2023 ஜனவரியில், மற்றவர்களும் விதிகளைப் பயன்படுத்த இடம் தந்த பழைய உரிமத்தை இறுக்க, ஆட்டத்தை வெளியிடும் நிறுவனம் எடுத்த முயற்சி ஆட்டக்காரர்களின் கடும் எதிர்ப்பைச் சந்தித்தது. அதன் முடிவில் ஐந்தாம் பதிப்பின் அடிப்படை விதித்தொகுப்பு முழுவதும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வெளியானது. திரும்பப் பெற முடியாத உரிமம் அது. ஆட்டக்காரர்கள் சேர்ந்து குரல் கொடுத்துப் பெற்ற இந்த உரிமை, அமெரிக்க ரசிகர்களைவிட நமக்குத்தான் அதிகம் பயன்பட வேண்டியது. புத்தகம் வாங்க முடிந்தவர்களுக்கு அது ஒரு கொள்கை வெற்றி. வாங்க முடியாதவர்களுக்கு அதுவே நுழைவுச்சீட்டு. பகடையும் வாங்க வேண்டாம், செயலி உருட்டித் தரும். போன் ஒன்று இருந்தால் தொடங்கலாம்.

இரண்டாவது நன்மையை நான் இன்னும் பெரிதாக மதிக்கிறேன். எழுத்துவழி ஆட்டம் என்று ஒன்று உண்டு. குரல் வேண்டாம், கேமரா வேண்டாம், எல்லோரும் ஒரே நேரத்தில் கூடவும் வேண்டாம். டிஎம் ஒரு பத்தி எழுதிப் போடுவார். அடுத்த நாளுக்குள் ஒவ்வொருவரும் தங்கள் பாத்திரம் செய்வதை எழுதுவார்கள். நாலு பேர் முன்னால் வாய்திறக்கக் கூசுகிறவருக்கு, பகிர்ந்துகொள்ளும் அறையில் சத்தமாகப் பேச முடியாதவருக்கு, ஷிஃப்ட் வேலை பார்ப்பவருக்கு, நெட் விட்டுவிட்டு வரும் இடத்தில் இருப்பவருக்கு இதைவிடப் பொருத்தமான வடிவம் இல்லை. யோசித்து எழுதும் அவகாசம் கிடைப்பதால் புதியவரின் பாத்திரமும் மெல்ல மெல்ல உருப்பெறும். குறை என்னவென்றால் வேகம். நேரில் மூன்று மணி நேரத்தில் முடிகிற காட்சி இங்கே வாரக்கணக்கில் இழுக்கும். ஒரு சண்டைச் சுற்று முடிய நாட்கள் ஆகலாம். ஒருவர் எழுதுவதை நிறுத்தினால் கதை அங்கேயே நின்றுவிடும். இப்படிப் பாதியில் நின்ற கதைகள் இணையத்தில் ஏராளம்.

குறைகளில் தலையானது அந்நியர்களோடு தொடங்குவது. புதியவர் பெரும்பாலும் செய்வது இதுதான்: ஆயிரக்கணக்கானோர் இருக்கும் ஆங்கில டிஸ்கார்ட் சர்வர் ஒன்றில் சேர்வார், ஆள் தேவை என்ற அறிவிப்புகளுக்கு விண்ணப்பிப்பார், அனுபவம் எவ்வளவு, மைக் எப்படி, எந்த நேர மண்டலம் என்ற கேள்விகளுக்குப் பதில் எழுதுவார், காத்திருப்பார். டிஎம் ஒருவருக்கு ஆட்டக்காரர்கள் பலர் போட்டியிடும் சந்தை அது. இடம் கிடைத்தாலும் அந்தக் குழு நிலைக்கும் என்று சொல்ல முடியாது. ஒருவரையொருவர் அறியாத ஐந்து பேரை ஒரு விருப்பம் மட்டும் சேர்த்து வைத்திருக்கிறது. ஒரு வாரம் ஒருவருக்குத் தேர்வு, மறுவாரம் ஒருவருக்கு உடம்பு சரியில்லை, மூன்றாம் வாரம் யாரும் யாரையும் கூப்பிடுவதில்லை. நேரில் பழகியவர்கள் என்றால் தெருவில் பார்க்கும்போது, ஏன்டா வரலை என்று கேட்பார்கள். அந்தக் கேள்விதான் ஒரு குழுவைத் தாங்கிப் பிடிக்கிறது. அதைக் கேட்க ஆளில்லாத குழுவில் புதியவர் முதலில் மாட்டினால், ஆட்டத்தின் இயல்பே இதுதான் போலும் என்று நினைத்துவிடுகிறார்.

நேரக் கணக்கும் நம் பக்கம் இல்லை. இந்த ஆட்டத்தின் பெருங்கூட்டம் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் இருக்கிறது. நியூயார்க்கில் சனிக்கிழமை இரவு 8 மணிக்குத் தொடங்கினால் இங்கே குளிர்காலத்தில் ஞாயிறு காலை 6.30, கோடையில் 5.30. லண்டனில் கோடைக்கால மாலை 7 மணி இங்கே இரவு 11.30. விடிய விடியவோ விடிவதற்கு முன்போ உட்கார வேண்டும். இதையே வேறு திசையில் திருப்பிப் பார்க்கலாம். யாழ்ப்பாணத்துக்கும் நமக்கும் ஒரே கடிகாரம். துபாய் ஒன்றரை மணி நேரம் பின்னால்; சிங்கப்பூர் இரண்டரை மணி நேரம் முன்னால். இங்கே இரவு 8 மணி என்றால் துபாயில் 6.30, சிங்கப்பூரில் 10.30. வார இறுதியில் மூன்று இடத்திலும் எட்டக்கூடிய நேரம்தான். தமிழ் பேசுகிறவர்கள் வேலைக்கும் படிப்புக்கும் பரவியிருக்கும் ஊர்களின் நேரமும் நம் மாலை நேரமும் இவ்வளவு நன்றாகப் பொருந்தும்போது, நாம் அட்லாண்டிக் கரைக்காரர்களின் நேரத்துக்குத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்வதில் எனக்கு நியாயம் தெரியவில்லை.

கருவிகளைப் பற்றியும் ஒரு எச்சரிக்கை. ரோல்20, ஃபவுண்ட்ரி போன்ற மெய்நிகர் மேசைகள் திறமையானவை. ஃபவுண்ட்ரியைக் கதை நடத்துபவர் ஒருமுறை 50 டாலர் கொடுத்து வாங்கினால் போதும், மற்றவர்கள் காசில்லாமல் ஆடலாம். ஆனால் இவை கணினித் திரைக்காகச் செய்யப்பட்டவை; போனில் திணறும். அதைவிட முக்கியம், புதியவரின் கவனத்தை இவை இழுத்துச் செல்லும் இடம். சுவரில் ஒளி விழுவதும் தீப்பந்தம் அசைவதும் அழகுதான். ஆனால் கண் வரைபடத்தில் நிலைத்தவுடன், என்ன செய்யலாம் என்ற கேள்வி சுருங்கி எந்தப் பொத்தானை அழுத்தலாம் என்றாகிவிடுகிறது. உறுமுவதோடு பேசிப் பார்க்கலாம் என்ற எண்ணமே எழுவதில்லை, பேசுவதற்கு அங்கே பொத்தான் இல்லை. ஆட்டத்தின் உயிரான சுதந்திரம் இப்படிச் சத்தமில்லாமல் கைநழுவுகிறது. முதல் சில ஆட்டங்களுக்கு வரைபடமே வேண்டாம் என்பேன். வாயால் சொல்லுங்கள். மிஞ்சினால் தாளில் வரைந்து படமெடுத்துப் போடுங்கள்.

பார்த்துப் பழகிய காணொளிகளும் ஒரு சுமை. 2015இல் தொடங்கிய கிரிட்டிக்கல் ரோல் நிகழ்ச்சி இந்த ஆட்டத்துக்கு உலகெங்கும் ஆட்களைக் கொண்டுவந்தது, அதில் ஐயமில்லை. அதில் ஆடுபவர்கள் தொழில்முறைக் குரல் நடிகர்கள். ஒவ்வொரு பாத்திரத்துக்கும் தனிக்குரல், தனி உச்சரிப்பு, கண்ணீர், பாட்டு. அதைப் பார்த்துவிட்டு வரும் புதியவர் தன் டிஎம்மிடம் அதே தரத்தை எதிர்பார்க்கிறார், தன்னிடமும் எதிர்பார்த்துக் கூசிப்போகிறார். கதை நடத்துகிறவர் பாடு இன்னும் மோசம். வாரா வாரம் தயாரிக்க வேண்டும், விதிகள் தெரிந்திருக்க வேண்டும், கருவியை இயக்க வேண்டும், வராதவர்களைத் தேடிப் பிடிக்க வேண்டும். இவ்வளவையும் ஒருவர் தலையில் கட்டிவிட்டு, ஏன் டிஎம்களுக்குப் பஞ்சம் என்று கேட்பது முறையாகாது.

மொழிக்கு வருவோம். ஆங்கிலக் குழுவில் ஆடினால் ஆங்கிலம் வளரும் என்பார்கள். ஓரளவு உண்மை. ஆனால் அரக்கனிடம் மாட்டிய தோழனைக் காப்பாற்ற ஏதாவது பேசு என்று டிஎம் கேட்கும் வினாடியில், பேச்சு முந்திக்கொண்டு வர வேண்டும். கெஞ்சலும் மிரட்டலும் நக்கலும் சமாளிப்பும் நாம் பிறந்ததிலிருந்து புழங்கும் மொழியில்தான் தடையில்லாமல் வரும். இலக்கணத்தைச் சரிபார்த்துக்கொண்டே மந்திரவாதியாக இருக்க முடியாது. விதிச்சொற்களை ஆங்கிலத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள், ஒரு குறையும் இல்லை. கிரிக்கெட்டை அப்படித்தான் ஆடுகிறோம். கதை தமிழில் நடக்கட்டும். தெருக்கூத்தில் ஒரே ஆள் வேடம் கட்டியபடியே ஊர் வழக்கில் கூட்டத்தோடும் பேசுவார், துரியோதனனாகவும் முழங்குவார். பாத்திரத்துக்குள் போவதும் வெளியே வருவதும் நமக்குப் புதிதல்ல.

கதையின் உள்ளடக்கத்தில் நாம் யாராக இருக்கிறோம் என்பதும் பார்க்க வேண்டியது. டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸுக்காக 1977இல் வந்த அரக்கர் கையேடான மான்ஸ்டர் மேனுவலில் ராட்சசன் இருக்கிறான்: புலித்தலை, உள்ளங்கை வெளிப்புறம் திரும்பிய கைகள், அங்கி. ராமாயணம் கேட்டும் கூத்துப் பார்த்தும் வளர்ந்த ஒருவருக்கு அவன் அடையாளமே தெரியாது. நம் பண்பாட்டின் துண்டுகள் நம்மைக் கேட்காமல் பொறுக்கப்பட்டு அச்சுறுத்தும் அலங்காரமாக வைக்கப்பட்ட காலம் நீண்டது. அண்மையில் நிலைமை அசைந்திருக்கிறது. அதில் தமிழ்நாட்டுத் தொடர்பும் உண்டு. கிருஷ்ணகிரி மாவட்டத்தில், ஏழ்மையில் பிறந்த குழந்தைகளுக்காக 1997இல் ஆபிரகாம் ஜார்ஜ் தொடங்கிய சாந்தி பவன் பள்ளியை நடத்துவதில் பங்கேற்றவர் அவர் மகன் அஜித் ஜார்ஜ். அவரே ஆட்ட எழுத்தாளரும்கூட. டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் வரிசையில் 2021இல் வந்த ரேவன்லாஃப்ட் நூலில் இந்தியச் சாயலில் களகேரி என்ற நாட்டைப் படைத்தார். 2022இல் வந்த ஜர்னீஸ் த்ரூ தி ரேடியன்ட் சிட்டாடல் தொகுப்புக்கு இணைத் தலைமை ஏற்றார். வெள்ளையரல்லாத எழுத்தாளர்களே எழுதிய அந்தத் தொகுப்பில், வங்கத்தை மனதில் வைத்து மணிவர்ஷ என்ற ஆற்றுநிலக் கதையை எழுதினார் மிமி மண்டல். இவை மதிக்க வேண்டிய முன்னேற்றங்கள். ஆயினும் பெருநிறுவனத்தின் ஆங்கில நூலில் நமக்கு ஒரு அத்தியாயம் கிடைப்பதோடு மனநிறைவு கொள்ள நான் தயாரில்லை. இந்த ஆட்டத்தில் உலகத்தைப் படைப்பது ஆடுகிறவர்கள். அந்த அதிகாரத்தைப் பயன்படுத்தாமல், ஓக் மரக் காட்டையும் பனி விழும் சத்திரத்தையும் இரவல் வாங்கிக்கொண்டிருப்பது ஏன்?

ரெட்டிபாளையத்து மாணவிக்கு வேறெங்கும் தேட வேண்டாம். அவர் காலடியில் ஒரு கடல் கிடக்கிறது. அரியலூர் வட்டாரத்துச் சுண்ணாம்புக்கல், டைனோசர்கள் இருந்த கிரிட்டேசியஸ் காலத்தில் இங்கே பரவியிருந்த கடலின் அடியில் படிந்தது. அம்மோனைட் என்ற சுருள்சுருளான ஓட்டுயிரின் எச்சங்கள் சுரங்கங்களில் இன்றும் அகப்படுகின்றன. வாரணவாசியில் அவற்றுக்கென்றே அருங்காட்சியகம் இருக்கிறது. அதே மாவட்டத்தில்தான் கங்கைகொண்ட சோழபுரம். முதலாம் ராஜேந்திரன் எழுப்பி, ஏறத்தாழ 250 ஆண்டுகள் சோழர் தலைநகராக இருந்த ஊர். கோயில் மட்டும் நிற்கிறது. அரண்மனை மாளிகைமேட்டு மண்ணுக்குள். கைவிடப்பட்ட சுரங்கக் குழியில் மழைநீர் தேங்குகிறது, இரவில் அதிலிருந்து அலைச்சத்தம் கேட்கிறது, போன கடல் திரும்ப வருகிறது என்று ஒரு கதையைத் தொடங்கினால் போதாதா? புதைந்த அரண்மனைக்குள் யாரோ விளக்கேற்றுகிறார்கள் என்றால்? டிராகனுக்கு இங்கே என்ன வேலை? டிஎம் ஒரு வார்த்தை சொன்னதுமே எல்லோருக்கும் இடம் கண்ணில் தெரியும். வெயில் எப்படி அடிக்கும், புழுதி எப்படிப் படியும், யார் வீட்டில் போய்த் தண்ணீர் கேட்கலாம் என்பதெல்லாம் விளக்காமலே விளங்கும். புதியவரின் தயக்கத்தைப் போக்க இதைவிடப் பெரிய உதவி எந்தச் செயலியிலும் இல்லை.

பாதுகாப்பை ஒரு வரியில் கடந்துவிட முடியாது. முகம் தெரியாதவர்களோடு குரலில் பல மணி நேரம் இருக்கும் இடம் இது. குறிப்பாகப் பெண்களும் பதினெட்டு நிரம்பாதவர்களும் கவனமாக இருக்க வேண்டும். உண்மைப் பெயர், ஊர், படிக்கும் கல்லூரி இவற்றைச் சொல்லத் தேவையே இல்லை. நல்ல பழக்கங்களை இந்த ஆட்டச் சமூகமே உருவாக்கி வைத்திருக்கிறது. ஆட்டத்துக்கு முன்பே எல்லோரும் உட்கார்ந்து எந்த மாதிரிக் கதை, எதெல்லாம் வேண்டாம் என்று பேசிக்கொள்ளும் முதல் கூட்டத்தை செஷன் ஜீரோ என்கிறார்கள். ஜான் ஸ்டாவ்ரோபுலோஸ் உருவாக்கிய எக்ஸ் கார்டு இன்னொன்று. கதை போகும் போக்கு யாருக்காவது பொறுக்கவில்லையென்றால் எக்ஸ் குறியைக் காட்டினால் போதும், காரணம் கேட்காமல் அந்தக் காட்சியை மாற்றிவிட வேண்டும். இணையத்தில் சாட்டில் ஒரு எழுத்தைத் தட்டினால் முடிந்தது. சாதி வசையும் பெண்களை இழிவுபடுத்தும் பேச்சும் கதைக்காகத்தான் என்ற போர்வையில் நுழைவதைத் தடுக்க நம் குழுக்களுக்கு இது கட்டாயம் வேண்டும். இதைக் கேட்டுச் சலித்துக்கொள்ளும் டிஎம்மிடமிருந்து அன்றே விலகிவிடுவது நல்லது.

ஆக, இணையவழி ஆட்டம் புதியவருக்கு உகந்ததா? தெரிந்தவர்களைத் தூரம் கடந்து சேர்க்கும் பாலமாக அதைப் பயன்படுத்தினால் உகந்தது. தெரியாதவர்களைக் கூட்டிக் கொடுக்கும் சந்தையாகப் பயன்படுத்தினால், தொடக்கக்காரருக்கு உகந்ததல்ல. பள்ளியில் கூடப் படித்து இப்போது சென்னையிலும் திருப்பூரிலும் வளைகுடாவிலும் இருக்கும் மூன்று பேரை வாட்ஸ்அப்பில் கூப்பிடுங்கள். அவர்களுக்கு விதி தெரியாது என்பது ஒரு தடையே இல்லை, உங்களுக்கும் தெரியாது. ஒரே இரவில் முடிகிற ஒன்-ஷாட் கதையாக வையுங்கள். ஆண்டுக்கணக்கில் நீளும் கேம்பெய்ன் கனவைத் தள்ளிப் போடுங்கள்.

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸிலேயே தொடங்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. அதன் இலவச விதித்தொகுப்பே நானூறு பக்கத்தைத் தொடும். யோகாய் கால் எழுதிய கெய்ர்ன் என்ற ஆட்டத்தின் முதல் பதிப்பு இருபத்துச் சொச்சம் பக்கம்தான். மூன்றே திறன்கள், எளிய சண்டை; காசில்லாமலே கிடைக்கும். கதை நடத்த யாருமே முன்வரவில்லை என்றால் ஷான் டாம்கினின் அயர்ன்ஸ்வோர்ன் இருக்கிறது. 2018இல் வந்த அதை டிஎம் இல்லாமலே இருவர் ஆடலாம், தனியாகவும் ஆடலாம், மின்னூல் இலவசம். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் மீது ஆசை அடங்கவில்லையென்றால், நான்கைந்து முறை இப்படி ஆடிக் கை பழகியபின் அந்தப் பெரிய சர்வர்களுக்குப் போங்கள். அப்போது உங்களுக்கு என்ன வேண்டும் என்று உங்களுக்கே தெரிந்திருக்கும். மோசமான குழுவைக் கண்டால் ஆட்டத்தை வெறுக்காமல் குழுவை மட்டும் விடத் தெரியும்.

இன்னொரு வேண்டுகோள், ஏற்கெனவே ஆடத் தெரிந்தவர்களுக்கு. கெய்ர்னின் உரிமம் யார் வேண்டுமானாலும் மொழிபெயர்க்கவும் மாற்றவும் விற்கவும் இடம் தருகிறது. மூல ஆசிரியர் பெயரைச் சொல்லி, அதே உரிமத்தில் வெளியிட்டால் போதும். பல மொழிக்காரர்கள் அப்படிக் கொண்டுபோயிருக்கிறார்கள். இருபத்துச் சொச்சம் பக்கம் என்பது ஒரு விடுமுறைக்குள் அடங்கும் வேலை. பேச்சுத் தமிழில், எடுத்துக்காட்டுகளோடு, போனில் படிக்க வசதியாக அதைச் செய்து இலவசமாகப் போடுங்கள். கூடவே உங்கள் ஊர் மண்ணில் நடக்கும் ஒரு சிறு கதையையும் எழுதிச் சேர்த்துவிடுங்கள். அடுத்து வருகிறவர் ஆங்கிலச் சர்வர்களின் வரிசையில் நிற்காமல் நேராக ஆட உட்காரட்டும்.